கடையில் ஊனம் நேர்ந்தால் எந்தக் கணக்கில் எழுதுவது?

உப்பளத்தில் என் தந்தையார் மளிகைக் கடை நடத்திய காலத்துப் பற்று நோட்டு ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு பக்கங்களைப் பற்றி நம் வணிக நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது எனது நெடுநாளைய எண்ணம்.

முதல் பக்கம் ஒரு 'சொல்தா' வீட்டுக் கணக்கு. அவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனப் போரில் ஒரு காலை இழந்து ஊர் திரும்பியவர். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, எண்ணெய், காப்பித்தூள் என்று பற்று ஏறிக்கொண்டே போகும். பென்ஷன் வந்த மறுநாள் மொத்தமும் வரவாகிவிடும். ஒரு மாதம்கூடப் பாக்கி நின்றதில்லை. அந்த வீட்டிலிருந்து எந்தச் சரக்குக்கு ஆள் வந்தாலும் என் தந்தையார் தயங்காமல் நிறுத்துக் கொடுப்பார்.

அடுத்த பக்கம் எங்கள் கடையிலேயே மூட்டை இறக்கியவர் வீட்டுக் கணக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் எங்களிடம் வேலை பார்த்தவர். 1980களில் ஒரு நாள், லாரியிலிருந்து அரிசி மூட்டையுடன் பலகை வழியே இறங்கும்போது பலகை நழுவி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. என் தந்தையார் கல்நெஞ்சர் அல்லர். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் அனுப்பினார். "உடம்பு தேறினதும் வாப்பா" என்றும் சொன்னார். எட்டு மாதம் கழித்து அவர் கோல் ஊன்றிக்கொண்டு வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார். "உக்காந்து பொட்டலம் கட்டுறேன் முதலாளி" என்று கேட்டார். "நீ மூட்டை தூக்குறவன். பொட்டலம் கட்ட ஆள் இருக்கே" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மனைவி ஏறக்குறைய ஓராண்டு கடனுக்குச் சாமான் வாங்கினார். பாக்கி ஏறியது. ஒரு நாள் சரக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். பக்கத்தின் அடியில் என் தந்தையார் கையால் 'வராக்கடன்' என்று எழுதியிருக்கிறது.

இருவருமே நடக்க முடியாமல் போனவர்கள். இருவருமே நாணயமானவர்கள். ஒருவர் கணக்கு நேராகவும் மற்றவர் கணக்கு வராக்கடனாகவும் முடிந்ததற்குக் காரணம் ஒன்றே. ஒருவருக்கு உடல் முடங்கிய பிறகும் வருமானம் தொடர்ந்தது, மற்றவருக்கு விபத்து நடந்த அன்றே நின்றுபோனது. கூர்ந்து பார்த்தால் இரண்டாவது பக்கத்தில் நஷ்டம் எங்களுக்கும்தான். பன்னிரண்டு ஆண்டு பழகிய ஆளை இழந்தோம். ஒரு வாடிக்கை வீட்டை இழந்தோம். பாக்கித் தொகையையும் இழந்தோம். "ஐந்நூறு ரூபாயோடு முடிந்தது" என்று நினைத்தது தப்புக் கணக்கு.

இழப்பீடு என்ற எண்ணம் வந்த வழி

சொல்தாவுக்கு வந்த பணம் யாருடைய தயவாலும் வந்ததன்று. முதல் உலகப் போரில் உடல் ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களுக்கு, இழப்பு இத்தனை விழுக்காடு என்று மதிப்பிட்டு ஓய்வூதியம் தருவதை உரிமையாக்கி, பிரான்சு நாடு 1919 மார்ச் 31-ல் சட்டம் செய்தது. அந்தப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் வீரர்கள் சென்றார்கள். நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே 1938-ல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் அவர்களுக்காக எழுப்பப்பட்டதே. 1924 ஏப்ரல் 26-ல் பிரான்சு இன்னொரு படி மேலே சென்றது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் போரில் ஊனமுற்றோரைக் குறிப்பிட்ட அளவில் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமாக்கியது. 1987 ஜூலையில் இது விரிவாக்கப்பட்டு, இருபதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனங்களில் நூற்றுக்கு ஆறு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஆயிற்று.

போர்க்களத்துக்குப் பொருந்தும் நியாயம் வேலைக்களத்துக்கும் பொருந்தும் அல்லவா? ஜெர்மனி 1884-லேயே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பிரான்சு 1898 ஏப்ரல் 9-ல் சட்டம் இயற்றியது. யார் தவறு என்று கிளறிக்கொண்டிருக்காமல், விபத்து தொழிலின் செலவில் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டதே இச்சட்டத்தின் சாரம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

உழைப்பவர் உரிமைக்காக நம் ஊர் கொடுத்த விலையும் சாதாரணமானதன்று. 1936 ஜூலை 30-ல் சவானா மில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர்நீத்தார்கள். அதன் பின்னர் 1937 ஏப்ரல் 6-ல் வந்த ஆணைதான் இங்கே எட்டு மணி நேர வேலையை உறுதி செய்தது. அந்த வரலாறு ஆலைகளின் வரலாறாகவே பேசப்படுகிறது. கடைகளும் மண்டிகளும் கிடங்குகளும் அதிலிருந்து ஒதுங்கியே இருந்துவிட்டன. "நம்மிடம் இருப்பது நாலு பேர். நமக்கென்ன சட்டம்?" என்ற பேச்சு இன்றும் நம்மிடையே உண்டு. அது எவ்வளவு தவறு என்பதைக் கீழே பார்ப்போம்.

வேலைக்கு எடுக்கும்போது

நாம் முன்பு 'ஊனமுற்றோர்' என்று எழுதிவந்தோம். இப்போது 'மாற்றுத்திறனாளி' என்பதே வழக்கு. பெயர் மாறியதைவிடச் சட்டம் மாறியதே முக்கியம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே கணக்கில் கொண்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைச் சொல்கிறது. கண், காது, கை, கால் மட்டுமல்லாமல் அறிவுசார் குறைபாடு, மனநோய், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள், இரத்தக் கோளாறு உடையவர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். அரசு வேலையில் நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனியார் துறைக்கு அப்படிக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. நூற்றுக்கு ஐந்து பேரையாவது வேலைக்கு வைக்கும் தனியாருக்கு அரசு ஊக்கம் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் கூறுகிறது. ஆனால் நிறுவனம் என்ற சொல்லில் தனியார் நிறுவனமும் சேரும். சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி அறிவிக்க வேண்டிய கடமையும் நிறுவனங்களுக்கு உண்டு. இருபது பேரும் அதற்கு மேலும் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகள் எவை, என்ன வசதி செய்து தரப்படும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைக்கு வருவோம். ஆள் எடுக்கும்போது நாம் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் "எல்லா வேலையும் செய்வானா?" என்பதுதான். கல்லாவில் உட்காருபவர் மூட்டை தூக்குவதில்லை. மூட்டை தூக்குபவர் கணக்கு எழுதுவதில்லை. எல்லா வேலையும் ஒருவரே செய்யும் கடை உரிமையாளர் தனியாக நடத்தும் கடை மட்டுமே. ஆகையால் ஆளைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பிரித்து எழுதுங்கள். கல்லா, பில் போடுதல், தொலைபேசியில் ஆர்டர் எடுத்தல், எடை போட்டுப் பொட்டலம் கட்டுதல், அடுக்குகளில் சரக்கு நிரப்புதல், காலாவதித் தேதி பார்த்துப் பிரித்தல், பாக்கி நினைவூட்டுதல், இறக்குமதி வேலை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தல் என்று ஒரு நடுத்தர மளிகைக் கடையில் ஏழெட்டு வேலைகளாவது தேறும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கால் ஊனமுற்றவருக்குக் கல்லாவும் பில்லும் பொட்டலமும் பொருந்தும். காது கேளாதவருக்கு அடுக்கு நிரப்புவதும் சரக்குப் பிரிப்பதும் பொருந்தும், ஆர்டரை வாயால் சொல்லாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். பார்வையற்றவர் தொலைபேசி ஆர்டரையும் பாக்கி வசூல் அழைப்புகளையும் நினைவாற்றலோடு கவனிப்பார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், மாறாத ஒரே வரிசையில் செய்யும் வேலையைப் பிறர் சலித்துப்போகும் இடத்திலும் பொறுமையாகச் செய்வார்கள். மும்பையில் மிராக்கிள் கூரியர்ஸ் என்ற நிறுவனம் காது கேளாத இளைஞர்களை வைத்தே தபால் பட்டுவாடாத் தொழிலை நடத்திக் காட்டியது. ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு அமர்த்தி நல்ல பெயர் எடுத்தது. இவர்கள் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. வேலைக்குத் தகுந்த ஆளைத் தேடினார்கள், கிடைத்தார்கள்.

செய்ய வேண்டிய மாற்றங்களுக்கும் பெரிய முதல் தேவைப்படாது. கடை வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பலகை, உயரம் குறைந்த ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி, அடுக்குகளில் பெரிய எழுத்துச் சீட்டு ஆகியவையே பல இடங்களில் போதும். அந்தச் சரிவு, மூட்டு வலியோடு வரும் வயதான வாடிக்கையாளருக்கும் தள்ளுவண்டியில் சரக்கு ஏற்றும் பையனுக்கும் உதவும்.

ஆள் தேடுவதற்கும் வழி உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும், மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் புதுச்சேரியில் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில் சேவை மையமும் இதற்காகவே இருக்கின்றன. வேலைக்கு வருபவரிடம் 'தனித்துவ அடையாள அட்டை' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுக்க உதவுங்கள். நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்றவர்களுக்கே பெரும்பாலான அரசுச் சலுகைகள் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடலாகாது: பாதி உடம்புக்குப் பாதிச் சம்பளம் என்ற கணக்கு செல்லாது. செய்யும் வேலைக்குரிய சம்பளத்தையும் குறைந்தபட்சக் கூலியையும் கொடுத்தே ஆக வேண்டும்.

விபத்து நேர்ந்தால் என்ன கணக்கு?

1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2010 முதல் 'பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்' என்ற பெயரில் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020, அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. கணக்கிடும் முறை தொடர்கிறது. அதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

முப்பது வயதுள்ள ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு நிரந்தர ஊனம் என்றால் சம்பளத்தில் 60 விழுக்காட்டை, அதாவது 7,200 ரூபாயை, அவர் வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்தக் காரணி 207.98. ஆக 14,97,456 ரூபாய் ஆகிறது. ஒரு கையின் கட்டைவிரல் முழுவதும் போனால் ஊன அளவு 30 விழுக்காடு என்று அட்டவணை சொல்கிறது. அதற்கு இழப்பீடு ஏறக்குறைய 4,49,237 ரூபாய். மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் ஒரு விரல் போனால் நம் கடைக்கு என்ன பொறுப்பு வரும் என்பதை இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம்.

தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால், அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு தர வேண்டும். நம் உதாரணத்தில் அரை மாதத்துக்கு 3,000 ரூபாய். பணம் கொடுக்கத் தாமதித்தால் வட்டியும், தொகையில் பாதி வரை அபராதமும் சேரும்.

"நாலு பேர் கடைக்கு இது பொருந்துமா?" என்பதே அடுத்த கேள்வி. எந்தெந்த வேலைகளுக்கு இழப்பீடு உண்டு என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கிடங்குகளில் சரக்குக் கையாளும் வேலைக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆனால் லாரி முதலிய மோட்டார் வாகனங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு அப்படி வரம்பு கிடையாது. ஒரே ஒருவர் இறக்கினாலும் பட்டியலில் வருகிறார். நம்மில் எத்தனை கடைகளுக்கு லாரி வராமல் இருக்கிறது? மேஸ்திரி அழைத்து வந்த ஆள் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. நம் வியாபாரத்துக்குரிய வேலை என்றால் இழப்பீட்டை முதலில் நாம் கொடுத்துவிட்டு, பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். "அவன் கவனமில்லாமல் இறங்கினான்" என்ற வாதமும் நிற்காது. சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுப்பதில்லை. புதிய தொகுப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், இழப்பீடு உண்டு.

இங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரிசா மாநிலம் கோராபுட் மாவட்டத்து ஜெய்பூரில் 1968 ஜூலை 6-ல், ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான், முழு ஊனம் அன்று என்று முதலாளி வாதாடினார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனமே என்று தீர்ப்பளித்தது. விதிக்கப்பட்ட 9,800 ரூபாய் இழப்பீட்டோடு, காலத்தில் கொடுக்காததற்காக 4,900 ரூபாய் அபராதமும் வட்டியும் உறுதியாயின. விபத்து நடந்த அன்றே பொறுப்பு பிறந்துவிடுகிறது, ஆணையர் உத்தரவு வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. ஊனத்தை அளக்கும்போது, 'எந்த உறுப்பு போயிற்று' என்பதோடு 'எந்த வேலை போயிற்று' என்பதையும் நீதிமன்றம் பார்க்கிறது. ஆட்களை எடுக்கும்போதும் நாம் பார்க்க வேண்டியது அதையேதான். மூட்டை தூக்க முடியாத இடுப்பு, பொட்டலம் கட்டத் தடையில்லை. என் தந்தையாரும் நானும் அன்று தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்.

காப்பீடு: சிறு செலவு, பெரும் பாதுகாப்பு

பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்ற எண்களைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அந்தச் சுமையைத் தோளிலிருந்து இறக்கி வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது இ.எஸ்.ஐ. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் இதில் சேர வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000 ரூபாய். 2019 ஜூலை 1 முதல் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் கட்டுவது 390 ரூபாய், தொழிலாளி கட்டுவது 90 ரூபாய். அதற்குக் கிடைப்பதைப் பாருங்கள். வேலையில் காயம்பட்டு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு. நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு. நிரந்தர ஊனத்துக்கு, இழந்த உழைப்புத் திறனுக்கு ஏற்ப மாதாமாதம் பணம். கோரிமேட்டில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்குச் சிகிச்சை. இவற்றோடு, இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு நாம் தனியாக இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பும் நீங்குகிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கடைகளும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், தாமாகவே சேர்ந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டாவது, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி. இ.எஸ்.ஐ.யில் சேராத சிறு கடைகளுக்கு இது ஏற்றது. எத்தனை பேர், என்ன சம்பளம், என்ன வேலை என்பதை வைத்துப் பிரீமியம் கணக்கிடுவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: நாலு பேரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தால், அல்லது மூட்டை தூக்குபவரை எழுத்தர் என்று காட்டினால், பணம் தேவைப்படும் நாளில் பாலிசி கைகொடுக்காது. வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் ஒழுங்காக இருந்தால்தான் எந்தக் காப்பீடும் நமக்குத் துணை நிற்கும்.

முதலாளி விழுந்தால்?

இதுவரை தொழிலாளியைப் பற்றிப் பேசினோம். நம்மில் பெரும்பாலோர் நமக்கு நாமே தொழிலாளிகள். விடியற்காலை மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போவதும், ஏணியில் ஏறி மேலடுக்கில் சரக்கு எடுப்பதும் நாம்தான். நமக்கு இ.எஸ்.ஐ. இல்லை. நமக்கு இழப்பீடு கொடுக்க வேறு முதலாளியும் இல்லை. ஆறு மாதம் கடை மூடினால் வாடகை நிற்குமா, மொத்த வியாபாரி பாக்கி நிற்குமா?

2008-ல் கர்நாடகத்தில் இருபத்து நான்கு வயதுக் காய்கறி வியாபாரி ஒருவர் சாலை விபத்தில் ஒரு காலை இழந்தார். அவரிடம் வருமானத்துக்குச் சான்று எதுவும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அமைப்பு சாராத தொழில் செய்பவரிடம் வருமானச் சான்று கேட்டு வற்புறுத்த முடியாது என்று கூறி, மாத வருமானத்தை 6,500 ரூபாய் என்றும், வியாபாரம் செய்யும் திறனில் இழப்பு 85 விழுக்காடு என்றும் 2014 ஜனவரியில் நீதிமன்றம் நிர்ணயித்தது. நியாயம் கிடைத்தது உண்மை. கிடைக்க ஆறாண்டுகள் ஆயின என்பதும் உண்மை. அதுவும் எதிர் வாகனத்துக்குக் காப்பீடு இருந்ததால் கிடைத்தது. கடைக்குள் ஏணியிலிருந்து விழுபவருக்கு எதிர் வாகனம் ஏது?

ஆகவே ஒவ்வொரு வணிகரும் தமக்காகச் செய்துகொள்ள வேண்டியவை சில. பிரதம மந்திரி சுரட்சா பீமா யோஜனா 2015 மே மாதம் தொடங்கப்பட்டது. 2022 ஜூன் 1 முதல் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணம், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும். பதினெட்டு முதல் எழுபது வயது வரை சேரலாம். விபத்தில் மரணம் அல்லது முழு ஊனம் என்றால் இரண்டு லட்சம் ரூபாய், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் ஒரு லட்சம் ரூபாய். ஒரு தேங்காய் விலைகூட ஆகாத இந்தத் தொகையை நமக்கும் நம் ஆட்களுக்கும் கட்டாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் இரண்டு லட்சம் ஒரு கடையை நெடுநாள் தாங்காது. அதனால் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றும் வேண்டும். அதை வாங்கும்போது, மரணத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், "தற்காலிகமாக முடங்கினால் வாராவாரம் எவ்வளவு வரும்? எத்தனை வாரம் வரும்?" என்று கேளுங்கள். வருமானப் பாதுகாப்பு என்பது அந்த வாரப் பணம்தான். இத்துடன் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து வாருங்கள். நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் நம் வருமானத்தை மதிப்பிடும்போது அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது

நண்பர்களே, ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. இந்த மாதம் நான்கு காரியங்களைத் தொடங்கலாம். கடையில் உள்ள வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி வைப்போம். வருகைப் பதிவேட்டில் சரக்கு இறக்குபவர் உட்பட எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்போம். இ.எஸ்.ஐ. அல்லது பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி இரண்டில் ஒன்றை முடிவு செய்வோம். நமக்கும் நம் ஆட்களுக்கும் 20 ரூபாய்த் திட்டத்தை வங்கியில் எழுதிக் கொடுப்போம். சிறு கடைகள் தனித்தனியே போய்ப் பாலிசி கேட்பதைவிடச் சங்கத்தின் வழியாகச் சேர்ந்து கேட்டால் நல்ல நிபந்தனைகளும் கிடைக்கக் கூடும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

லாரி வரும் நாளில் இன்றும் எங்கள் கடையில் பலகை போடுகிறோம். பலகைக்கு இரு முனையிலும் இரும்புக் கொக்கி போட்டுவிட்டோம், இப்போது அது நழுவுவதில்லை. பொட்டலம் கட்டும் இடத்தில் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். அவர் கட்டும் பொட்டலத்தில் எடை குறைந்தது என்று ஒரு வாடிக்கையாளரும் திரும்பி வந்ததில்லை. 'வராக்கடன்' என்று எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் நான் கிழிக்கவில்லை. அந்தக் கடனைக் கொடுக்க வேண்டியிருந்தது அவரன்று, நாங்கள்தான்.